பழைய வார்ப்பிரும்புக் கழிவுக் குழாயுடன் புதிய பிவிசி குழாயை இணைக்கும் முறை

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு கட்டப்பட்ட மாடி வீடுகளில், கழிவறையிலிருந்து இறங்கும் நாலு அங்குலக் குழாய் பெரும்பாலும் வார்ப்பிரும்பாகவே இருக்கும். பிளம்பர்கள் அதைச் சி.ஐ. பைப் என்பார்கள். மாடிக் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டும்போது இந்தக் குழாய் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் போடுவதே நல்லது என்றாலும், அது எல்லா வீட்டிலும் நடக்கக்கூடியதில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டிய தெருக்களில் குழாய் பொதுச்சுவருக்குள் புதைந்திருக்கும். அதை உடைத்தால் அடுத்த வீட்டுப் பூச்சும் சேர்ந்து பெயரும். சில வீடுகளில் அது கூடத்துத் தரைக்கு அடியில் ஓடிக் கொல்லையில் உள்ள சேம்பரில், அதாவது குழாய்கள் கூடும் மூடியிட்ட குழியில், போய்ச் சேரும். எனவே மேலே பிளாஸ்டிக், கீழே இரும்பு என்ற கலப்பு தவிர்க்க முடியாததாகிறது.

அந்த இணைப்பு இன்று வழக்கமாகச் செய்யப்படும் முறையைச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. பிவிசி குழாயை இரும்புக் குழாயின் அகன்ற வாயான சாக்கெட்டுக்குள் செருகி, சுற்றிலும் சிமெண்டுக் கலவையைத் திணித்து, அதன்மேல் இரண்டு நிற உருண்டைகளைப் பிசைந்து அப்பும் எபாக்சி பசையைப் பூசிவிடுகிறார்கள். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒரு சொட்டும் கசியாது. ஆனால் பிவிசி வெயிலில் நீளும் அளவு இரும்பு நீளும் அளவைப்போல ஆறு ஏழு மடங்கு. மேற்குச் சுவரில் நிற்கும் 3 மீட்டர் பிவிசி குழாய், விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 6 மி.மீ. நீளும், அதே நீள இரும்பு 1 மி.மீ. அளவுக்கே நீளும். தினமும் இப்படி ஏறி இறங்கும் வழவழப்பான பிளாஸ்டிக்கைச் சிமெண்டால் பிடித்து வைக்க முடியாது. முதலில் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். அதன் வழியே வாடையும், பின்னர் ஈரமும் வரும். பிவிசி ஒட்டும் சொல்யூஷனை இரும்பில் தடவுவதிலும் பயனில்லை. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து ஒன்றோடொன்று உருகச் செய்து ஒட்டுவது. இரும்பில் கரைய எதுவும் இல்லை.

டெல்டாவின் மண்ணும் இதில் சேர்ந்துகொள்கிறது. காவிரி வண்டல் படிந்த களிமண் கோடையில் வெடித்துச் சுருங்குகிறது, ஐப்பசி மழையில் ஊறிப் பொங்குகிறது. தரைக்குள் உள்ள குழாய் ஒவ்வோர் ஆண்டும் சிறிதளவாவது அசைந்தே தீரும். நிலம் தட்டையாக இருப்பதால் அடைமழையில் தெருச் சாக்கடை நிரம்பி வீட்டுக் குழாய்க்குள் எதிர்த்து வருவதும் உண்டு; அப்போது வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் இணைப்பு நீரின் அழுத்தத்தில் நிற்கும். ஆகவே இரும்பும் பிளாஸ்டிக்கும் சேரும் இடம் அசைவுக்கு இடம் கொடுப்பதாகவும், அதே நேரத்தில் நீரையும் வாயுவையும் விடாததாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே செய்வது ரப்பர்தான்.

பழைய குழாய் இணைக்கத் தகுதியானதா?

முதலில் குழாயில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இது தேவையற்ற சோதனையாகத் தோன்றலாம். ஆனால் பழைய வீடுகளில் மழைநீருக்கும் காற்றுப் போக்குக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்களையும் போட்டிருக்கிறார்கள். பல முறை வண்ணம் பூசிய பிறகு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. காந்தம் ஒட்டாவிட்டால் அதில் கிரைண்டர் வைக்கக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு.

காந்தம் ஒட்டினால், சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். நல்ல வார்ப்பிரும்பு மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்ட இடத்தில் ஓசை மொத்தென்று அடங்கிப்போகும். அடுத்து ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையால் குழாயை அழுத்திச் சுரண்ட வேண்டும். இந்தச் சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது. வார்ப்பிரும்பில் கார்பன் கிராஃபைட்டாகக் கலந்திருக்கிறது. ஈர மண்ணிலும் கழிவுநீரிலும் பல ஆண்டுகள் கிடக்கும்போது இரும்பு மட்டும் அரித்து வெளியேறி, கிராஃபைட் எலும்புக்கூடு அதே வடிவத்தில் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் முழுமையாக, வட்டமாக, குறையின்றித் தெரியும். ஆனால் முனையை அழுத்தினால் பென்சில் கரியைப்போலக் கறுப்பாக, மென்மையாகச் சீவிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட குழாயில் கிளிப் போட்டு இறுக்கினால் அது கையோடு நொறுங்கும். கெட்டியான, சுரண்டினால் வெள்ளியாக மின்னும் உலோகம் கிடைக்கும்வரை பின்வாங்கி வெட்டுவதே முறை. நிமிர்ந்து நிற்கும் குழாயின் அடியிலுள்ள பெண்டிலேயே (வளைவுத் துண்டிலேயே) ஸ்க்ரூடிரைவரின் முனை இறங்குமானால், இணைப்பைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டுச் சேம்பர்வரை தோண்டி மாற்றிவிடுங்கள்.

படுக்கையாக ஓடும் குழாயில் மேல் வளைவைக் கட்டாயம் தட்டிப் பார்க்க வேண்டும். கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மேற்புற ஈரத்தில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறுவதால், நீர் ஓடும் அடிப்புறத்தைவிட நீர் தொடாத மேற்புறம் முன்னதாகவே அரித்துப்போவது உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வீடுகளில் கடற்காற்றின் உப்பால் வெளிப்புறமும் அரிக்கும்; அங்கே கிளாம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பகுதியையும் பார்த்துவிட வேண்டும்.

அளவில் உள்ள பொறி

கடைக்குப் போகும் முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்: வார்ப்பிரும்புக் குழாயை உள்விட்டத்தால் அழைக்கிறார்கள், பிவிசி குழாயை வெளிவிட்டத்தால் அழைக்கிறார்கள். 100 மி.மீ. வார்ப்பிரும்பின் வெளிவிட்டம் ஏறத்தாழ 110 மி.மீ.; அதற்கு இணையான பிவிசி 110 மி.மீ. என்ற பெயரில் கிடைக்கும். 75 மி.மீ. வார்ப்பிரும்பின் வெளிவிட்டம் சுமார் 85 மி.மீ.; கடையில் 75 மி.மீ. பிவிசி கேட்டு வாங்கிவந்தால் அது வெளியில் 75 மி.மீ. தான். மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலம் என்று வாங்கிவந்து, இடைவெளியைச் சிமெண்டால் நிரப்புவது இப்படித்தான் நேர்கிறது.

பழைய வார்ப்பில் சில மி.மீ. கூடக் குறைய இருக்கும் என்பதால் பெயரை நம்பாமல் அளக்க வேண்டும். ஒரு நூலைக் குழாயைச் சுற்றிக் கட்டி, நீளத்தை அளந்து 3.14 ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைக்கும். நூல் 345 மி.மீ. வந்தால் விட்டம் 110. வண்ணத்தையும் துருவையும் சுரண்டிய பிறகு அளக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டின் வெளிவிட்டமும் 110 என்று வந்தவுடன், பிவிசி சாக்கெட்டையே ரப்பர் வளையத்தோடு இரும்பின்மேல் மாட்டிவிடலாம் என்று தோன்றும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மெல்லிய வளையம் வழவழப்பான பிளாஸ்டிக்குக்காகச் செய்யப்பட்டது. சொரசொரப்பும் வார்ப்புத் தையலும் (அச்சுகள் சேர்ந்த இடத்தில் விழும் மேட்டுக் கோடு) உள்ள இரும்பின்மேல் அது முழு வட்டமாகப் படியாது. அழுத்தி ஏற்றினால் சாக்கெட் பிளந்துகொள்ளும்.

வாங்க வேண்டிய பிவிசி, கழிவுநீருக்கும் மழைநீருக்கும் என்றே செய்யப்படும் எஸ்.டபிள்யூ.ஆர். வகை. குழாயின்மேல் ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தர முத்திரையும் ‘பி’ வகை என்ற குறிப்பும் இருக்க வேண்டும். ‘ஏ’ வகை மழைநீருக்கும் காற்றுப் போக்குக்கும் உரியது. 110 மி.மீ. குழாயில் ‘ஏ’ வகையின் சுவர்த் தடிமன் குறைந்தது 2.2 மி.மீ., ‘பி’ வகையில் 3.2 மி.மீ. டெல்டாவில் பம்புசெட்டுக்கு வாங்கி மிஞ்சிய 110 மி.மீ. பிவிசி பல வீடுகளின் கொல்லையில் கிடக்கும். அதன் வெளிவிட்டம் ஒன்றே என்பதால் அதைக் கழிவறைக்குப் போட ஆசை வரும். ஆனால் அதோடு கிடைக்கும் எல்போவும் டீயும் சட்டென்று திரும்புபவை. கழிவுக் குழாய்க்கு வளைவு நீண்டு திரும்ப வேண்டும், அடைப்பு எடுக்கக் கதவுள்ள டோர் பெண்டும் வேண்டும். அந்தக் குழாயை வயலுக்கே விட்டுவிடுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம்

தரைக்குள் இணைப்புச் செய்வதாக இருந்தால் மாசியிலிருந்து வைகாசிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வழக்கப்படி ஜூன் 12 இல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு நிலத்தடி நீர் ஏறத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பல தெருக்களில் இரண்டடி தோண்டினாலே குழியில் நீர் ஊறும். சேற்றுக்குள் நின்றுகொண்டு எந்த இணைப்பையும் துடைத்துக் காயவைக்க இயலாது. தரைக்கு மேல் உள்ள வேலைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

வேலை தொடங்கும் நாளில் வீட்டில் உள்ள எல்லோருக்கும், மாடியில் குடியிருப்பவருக்கும் சொல்லி, கழிவறைக் குழாயை மூடி வைக்க வேண்டும். கெட்டியான ரப்பர் கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு ஆகியவை கட்டாயம். எலிகள் நடமாடும் சாக்கடை நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் வரும், கையில் உள்ள சிறு கீறலே அதற்குப் போதும். செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே இறங்குவதோ, ஒருவரை இறக்குவதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அதன் வாயு சில நொடிகளில் ஆளை வீழ்த்தும்; கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்பதையும் தடை செய்திருக்கிறது. இந்த வேலை எதற்கும் தொட்டிக்குள் இறங்கத் தேவையே இல்லை.

வெட்டுதல்

வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மை கொண்டது, அதோடு கனமானது. 100 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் 12 கிலோ இருக்கும். நடுவில் வெட்டினால் மேலே தொங்கும் பகுதி முழுவதும் துருப்பிடித்த ஓரிரு கிளாம்புகளின் பொறுப்பில் நிற்கும். எனவே வெட்டும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் புதிய கிளாம்பு அடித்துச் சுவரில் பிணைத்த பிறகே பிளேடைத் தொட வேண்டும். மேல் பகுதியை அகற்றப்போவதாக இருந்தாலும், அதை உச்சியிலிருந்து துண்டு துண்டாகவே இறக்க வேண்டும். இருவர் பிடித்துக்கொள்ளாமல் ஒரு துண்டையும் விடுவிக்கக் கூடாது.

வெட்டுக்கோட்டை வளைந்துவிடாமல் போட, ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி விளிம்போடு விளிம்பு சேரும்படி ஒட்டி, அதன் ஓரத்தில் சாக்பீஸால் கோடு இழுக்கலாம். உலோகம் வெட்டும் தட்டு மாட்டிய கிரைண்டரால் சுற்றிலும் முதலில் மேலோட்டமாக ஒரு கீறல் போட்டு, பிறகு அதே கோட்டில் ஆழப்படுத்திக்கொண்டே வர வேண்டும். ஒரே பக்கத்தில் ஊடுருவ வெட்டினால் மறுபக்கம் தானாக உடைந்து பல்லுப் பல்லாக நிற்கும். சுவருக்கும் குழாய்க்கும் இடையே கிரைண்டர் நுழையாத பின்பக்கத்தை ஆக்சா பிளேடால் பொறுமையாக முடிக்க வேண்டும். குழாய்க்குள் எரியும் வாயு இருக்கக்கூடும் என்பதால், பக்கத்திலுள்ள திறப்புகளை நனைத்த சாக்கால் அடைத்துவிட்டு, சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். துண்டு விலகியவுடன் கீழே உள்ள வாயையும் ஈரச் சாக்கால் அடைக்க வேண்டும். அதில் ஒரு கயிற்றைக் கட்டி வெளியே விட்டுவைக்க மறக்கக் கூடாது. கயிறில்லாத சாக்கு உள்ளே வழுக்கிப் போய்விட்டால் அதுவே அடுத்த அடைப்பு.

வெட்டிய விளிம்பை அரத்தால் உள்ளும் புறமும் தேய்த்து, வெளிப்புறத்தை வெட்டிலிருந்து குறைந்தது 80 மி.மீ. தூரத்துக்குக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். வார்ப்புத் தையல் நீளவாக்கில் மேடாக ஓடினால் அதையும் அரத்தால் சமப்படுத்த வேண்டும். ரப்பருக்கு அடியில் அந்த ஒரு மேடு நீரோடும் வழியாகிவிடும்.

இணைத்தல்

வெட்டிய வெறும் முனையோடு இணைக்க, இரு பக்கமும் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் உள்ள ரப்பர் கப்ளிங்கே (இரு குழாய் முனைகளின்மேலும் ஏறும் உறை) சிறந்தது. சிறிய ஊர்க் கடைகளில் உடனே கிடைக்காவிட்டாலும், அளந்த இரண்டு வெளிவிட்டங்களையும் எழுதிக் கொடுத்தால் திருச்சியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வரவழைத்துத் தருவார்கள், இணையத்திலும் வாங்கலாம். இரண்டு விட்டங்களும் வேறாக இருந்தால், ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் உள்ள கப்ளிங் கிடைக்கிறது. கப்ளிங்கை இரும்பின்மேல் முதலில் முழுவதுமாக ஏற்றி, பிவிசியை நேராக நிறுத்தி, பாதி பாதியாக இரண்டின்மேலும் அமரும்படி நடுக்குறிக்கு நகர்த்த வேண்டும். முனைகளுக்கு இடையே சில மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஏறாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவலாம்; கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கிளிப்புகளை ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். டிராக்டர் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பியால் முறுக்கும் வழக்கம், கப்ளிங் வந்து சேரும்வரை ஓரிரு நாள் தாக்குப்பிடிக்க உதவும், அதற்கு மேல் வேண்டாம்.

கப்ளிங் குழாயின் எடையைத் தாங்காது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் இரு பக்கமும் ஓரடிக்குள் ஒவ்வொரு கிளாம்பு போட வேண்டும். தரைக்குள் புதைப்பதாக இருந்தால், ரப்பருக்கு மேல் எஃகு உறை சுற்றிய கப்ளிங்கையே கேட்டு வாங்குங்கள். வெறும் ரப்பர் மண்ணின் பாரத்தில் தொய்ந்து, உள்ளே ஒரு படி உண்டாகி, அதில் கழிவு தங்கும்.

மேல்நோக்கிய பழைய இரும்பு சாக்கெட் நல்ல நிலையில் கிடைத்தால், பிவிசியை அதற்குள் இறக்குவதும் ஏற்கத்தக்கதே; நீர் ஓடும் திசையில் குழாயின் முனை சாக்கெட்டுக்குள் போவதுதான் சரியான அமைப்பு. அதற்குப் பழைய ஈயத்தை எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் தாரில் தோய்த்த சணல் கயிற்றை அடியில் திணித்து, அதன்மேல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, உளியால் தட்டி இறுக்கியிருக்கிறார்கள். ஈயத்தில் நெருக்கமாகச் சிறு துளைகளிட்டு, மெல்லிய உளியால் நெம்பினால் அது பட்டைப் பட்டையாகக் கழன்று வரும். அடியிலுள்ள சணல் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தார் மணக்கக் கறுப்பாக வருவதைப் பார்க்கும்போது, அந்த வேலையைச் செய்தவர்கள்மேல் மரியாதை உண்டாகிறது. பர்னரால் ஈயத்தை உருக்கி எடுக்கக் கூடாது: புகை நஞ்சு, சணலும் தீப்பிடிக்கும். எடுத்த ஈயத்தைக் குழந்தைகள் தொடாதபடி தனியே வைத்துப் பழைய உலோகக் கடையில் சேர்க்க வேண்டும். புதிய இணைப்பில் ஈயத்துக்கு இடமே இல்லை; அது 327 டிகிரியில் உருகுவது, பிவிசியோ 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும்.

நாலு அங்குல சாக்கெட்டின் உள்ளே 110 மி.மீ. பிவிசியைச் சுற்றி ஒரு விரல் நுனி அளவு இடைவெளி நிற்கும். அந்த இடைவெளிக்குப் பொருந்தும் தடித்த ரப்பர் வளையம் கிடைத்தால் அதையே அழுத்தி இறக்குங்கள். கிடைக்காவிட்டால் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் தார்ச் சணலைச் சுற்றித் திணித்து, மீதியை இறுகிக் கல்லாகாத பாலியூரித்தேன் சீலண்டால் நிரப்ப வேண்டும். இரண்டு பரப்புகளும் உலர்ந்திருப்பது முக்கியம். தரைக் கான்கிரீட்டுக்குள் அகப்பட்ட சாக்கெட்டில் சிமெண்டைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்தால், பிவிசியின் வெளிப்புறத்தில் சொல்யூஷனைத் தடவி அது காயும் முன் உலர்ந்த ஆற்றுமணலைத் தூவி ஒட்டவையுங்கள். அந்தச் சொரசொரப்பை மட்டுமே கலவை பிடித்துக்கொள்ளும். அப்படிச் செய்த இணைப்புக்குச் சற்று மேலேயே ஒரு ரப்பர் வளைய பிவிசி சாக்கெட் வைக்க வேண்டும். முனையை முழுவதும் தள்ளி, குறி போட்டு, 10 மி.மீ. வெளியே இழுத்து விட்டால் வெயிலின் நீட்சி அங்கேயே அடங்கி, கீழேயுள்ள சிமெண்டுக்கு எட்டாது.

சாய்வு, சோதனை, மூடுதல்

படுக்கைக் குழாய்க்கு 40 இல் 1 என்ற சாய்வு, அதாவது 3 மீட்டருக்கு 75 மி.மீ. இறக்கம் போதும். பிவிசியைப் படுக்கையில் 1 மீட்டருக்கு ஒன்றும், நிமிர்ந்த குழாயில் 2 மீட்டருக்கு மிகாமல் ஒன்றுமாகக் கிளாம்பு போட்டுத் தாங்குங்கள்.

சோதிக்கும்போது கீழே சேம்பர் வாயை அடைத்து, இணைப்புக்கு மேல் ஒரு மீட்டர் உயரம்வரை மட்டும் தண்ணீர் நிரப்புங்கள். மாடி உயரம் முழுவதும் நிரப்பினால் இதுவரை நன்றாக இருந்த பழைய ஈய இணைப்புகள் திறந்துகொள்ளக்கூடும். இணைப்பைத் துடைத்து, செய்தித்தாளைச் சுற்றிக் கட்டி அரைமணி நேரம் விட்டால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் ஈரத் திட்டாகத் தெரியும். நனைந்தால் கிளிப்பை இன்னும் இறுக்குவதற்கு முன், ரப்பருக்கு அடியில் மணலோ துருத்துகளோ இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும்.

குழியில் குழாய்க்கு அடியிலும் சுற்றிலும் ஆற்றுமணலை இட்டு நிரப்பி, தோண்டிய களிமண்ணை அதற்கு மேல் மட்டும் போடுங்கள். மணல் படுகை இருந்தால் களிமண்ணின் பொங்கலும் சுருக்கமும் குழாயை நேரடியாகப் பிடித்து இழுக்காது. மூடுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, கொல்லைச் சுவரிலிருந்து இணைப்பு எத்தனை அடி தூரத்தில், எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்பதைச் சுவரிலேயே பெயிண்டால் எழுதிவிடுங்கள்.